உங்களுக்குத் தெரியுமா? பூட்டவா, சாத்தவா?

திருட்டுப் பயத்தில் படுக்கையறையைப் பூட்டிக்கொண்டு தூங்குபவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே பல வீடுகளில் படுக்கையறைக் கதவின் குமிழ்ப்பூட்டில், வெளிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். மெல்லிய கம்பியை விட்டு அழுத்தினால் போதும், திறந்துகொள்ளும். குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் திறப்பதற்கான வசதி அது. திருடனுக்கும் அதே வசதிதான்!

ஆனால், சாத்திய கதவுக்குத் தீயைத் தடுக்கும் பலம் உண்டு. அமெரிக்காவின் யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் தீ ஆய்வுப் பிரிவு செய்த சோதனைகளில், கதவு திறந்திருந்த அறையின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. கதவு சாத்திய அறையில் சுமார் 38 டிகிரிதான். ‘தூங்குமுன் கதவைச் சாத்துங்கள்’ என்று பிரசாரமே நடத்துகிறார்கள். சாத்தத்தான் சொல்கிறார்கள், பூட்ட அல்ல. கதவைச் சாத்தினால் கூடத்து அலாரம் சரியாகக் கேட்காது என்பதால், அறைக்குள்ளும் ஒரு புகை அலாரம் வேண்டும்.