பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை

“பிறந்தபோது நன்றாகத்தானே இருந்தது, டாக்டர்?” தலசீமியா என்ற பெயரை முதன்முறையாகக் கேட்கும் பெற்றோர் எங்கள் இரத்தவியல் பிரிவில் பெரும்பாலும் இதைத்தான் கேட்கின்றனர். நல்ல எடை, நல்ல நிறம், நல்ல அழுகை. ஆறு மாதம் கடந்த பின்னரே முகம் வெளுக்கிறது, பால் குடிப்பது குறைகிறது, மண்ணீரல் வீங்கி வயிறு பெருக்கிறது. இடையில் ஊட்டிய கூழையோ, போட்ட தடுப்பூசியையோ, தாய் உண்டதையோ குற்றம் சொல்ல வீட்டில் எவரேனும் இருப்பர். அவற்றுள் எதுவும் காரணமன்று.

ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள் உள்ளன: ஆல்பா இரண்டு, பீட்டா இரண்டு. கருவில் வளரும்போது பீட்டாவின் இடத்தில் காமா என்னும் சங்கிலி இருக்கும். பிறப்பை ஒட்டிக் காமா மரபணு சிறிது சிறிதாக அடங்க, பீட்டா மரபணு அப்பொறுப்பை ஏற்கிறது. பீட்டாவில் பழுதுள்ள குழந்தையை அதுவரை காத்து வந்தது காமாதான்.

ஒன்று அடங்கவும் மற்றொன்று எழவும் ஆணையிடுவது எது? ஒவ்வொரு மரபணுவின் தொடக்கத்திலும் புரோமோட்டர் எனப்படும் ஒரு பகுதி உண்டு. புரதத்தின் அமைப்பைக் கூறும் செய்தி அதில் இல்லை. மரபணுவைப் படியெடுக்கும் நொதி வந்து அமரும் இடம் அது. அந்நொதி தானாக அமர்ந்துவிடுவதில்லை. டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட எழுத்து வரிசையை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்கள் சில அதனை வரவழைக்கின்றன. வேறு சில தடுக்கின்றன. கண்ணின் செல்லிலும் பீட்டா மரபணு உண்டு. அதை எழுப்பும் புரதங்கள் அங்கு இல்லாததால் அது வாளாவிருக்கிறது.

பீட்டாவை எழுப்புவனவற்றுள் முதன்மையானது கே.எல்.எஃப்.1 என்னும் புரதம். சில குடும்பங்களில், மரபணு படியெடுக்கத் தொடங்கும் இடத்திற்கு 88 எழுத்துகள் முன்னால், ‘சி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘டி’ இருக்கிறது. அந்த ஓர் எழுத்தால் கே.எல்.எஃப்.1இன் பிடி தளர்கிறது. பீட்டா முற்றிலும் நின்றுவிடுவதில்லை, குறைவாக உண்டாகிறது. ஆகவே நோயும் பொதுவாகக் கடுமை குறைந்தே காணப்படும்.

இங்கு எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தையின் தந்தையிடம், “உங்களிடமிருந்து வந்த மரபணுவில் பழுதில்லை, அதன் முன்பகுதியில்தான் மாற்றம்” என்றோம். சொன்னது சரி; சொன்ன விதம் தவறு. பழுதே இல்லை என்று அக்குடும்பம் புரிந்துகொண்டது. அடுத்த கர்ப்பத்தின்போது பரிசோதனைக்கு வரவில்லை. இரண்டாம் குழந்தைக்கும் நோய் இருப்பது பிறந்து பல மாதங்களுக்குப் பின்னரே தெரிந்தது. முன்பகுதியில் பழுது என்றாலும் பழுதுதான் என்று இப்போது வெளிப்படையாகவே சொல்கிறோம்.

காமாவை அடக்கும் புரதம் பி.சி.எல்.11ஏ என்பது 2008இல் தெரியவந்தது. காமாவின் புரோமோட்டரில் அப்புரதம் பற்றும் இடம் மாறியிருப்போருக்கு, வளர்ந்த பின்னும் கருக்கால ஹீமோகுளோபின் தொடர்கிறது. அவர்கள் நலமாகவே வாழ்கின்றனர். இதைக் கண்டே ஒரு சிகிச்சை பிறந்தது. நோயாளியின் குருத்தணுக்களை எடுத்து, சிவப்பணுக்களின் முன்னோடிச் செல்களில் பி.சி.எல்.11ஏ உருவாவதைக் குறைக்குமாறு திருத்தி, மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். 2023 நவம்பரில் பிரிட்டன் இதற்கு முதலில் ஒப்புதல் அளித்தது. செய்தித்தாள் துணுக்கோடு வரும் பெற்றோரிடம் நாங்கள் சொல்வது: வழி மெய்யானது, ஆனால் அதற்குமுன் மஜ்ஜையை அழிக்கும் கடும் மருந்தைத் தாங்கவேண்டும், செலவும் மிகப் பெரிது. அதற்காகக் காத்திருந்து, இரத்தம் ஏற்றுவதையும் இரும்பை வெளியேற்றும் மருந்தையும் ஒரு வாரமும் தள்ளிப்போடலாகாது.

உறவினருக்கு ஒரு குறிப்பு. பீட்டா தலசீமியாவைச் சுமப்போரிடம் ஏ2 என்னும் ஹீமோகுளோபின் வழக்கமாக 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். சில புரோமோட்டர் மாற்றங்களில் மட்டும் அது இயல்பாகவே காட்டிவிடும். எனவே, குழந்தையின் அறிக்கையில் புரோமோட்டர் மாற்றம் குறிக்கப்பட்டிருந்தால், சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி ஆகியோர் திருமணத்துக்கு முன் மரபணுப் பரிசோதனையே செய்துகொள்ளவேண்டும். கணவன், மனைவி இருவரும் சுமப்பவரெனில், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 11ஆம் வாரம் முதல் நச்சுக்கொடித் திசுவைச் சோதித்து அறியலாம். வரும்போது குழந்தையின் பழைய அறிக்கையைத் தவறாமல் கொண்டுவாருங்கள். எந்த எழுத்தைத் தேடுவது என்பது அதில்தான் இருக்கிறது.