பொன்விளிம்புப் பீங்கான்

முன்னோர் வைத்துச் சென்ற ஐரோப்பியப் பீங்கான் கோப்பைகள் யாழ்ப்பாணத்துச் சில வீடுகளில் இன்றும் உள. சிலவற்றில் நீலக்கொடி புதிதுபோல் விளங்க, பொன்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும். அதனைப் போலிப் பொன் என்று பழிப்போரும் உளர். உண்மை யாது?

பீங்கான் சீனர் கண்ட கலை. நமது அல்லைப்பிட்டியில் 1977ஆம் ஆண்டு ஜோன் காஸ்வெல் என்னும் அறிஞர் அகழ்ந்தெடுத்த சீனக் கலத்துண்டுகள் ஏறத்தாழ 900 ஆண்டுப் பழமை உடையவை. ஐரோப்பியரோ செய்யும் வகை அறியாது, நெடுங்காலம் அதனைக் கீழ்நாட்டிலிருந்தே வாங்கினர். ஜெர்மனியிலே 1708ஆம் ஆண்டளவில் பொட்கர் முதலானோர் அவ்வகையைக் கண்டனர். 1710இல் மைசன் நகரில் ஆலை எழுந்தது.

வெண்களியால் வனைந்த கலத்தில் முதலில் நீலத்தைத் தீட்டி, அதன்மேற் கண்ணாடி போன்ற மெருகு பூசி, செல்சியஸ் அளவில் ஏறத்தாழ 1,400 பாகை வெப்பத்திற் சுடுவர். நீலம் மெருகினுள் அடங்கிவிடும். பிற வண்ணங்களுட் பெரும்பாலானவை அவ்வெப்பத்தைத் தாங்கா; ஆதலின் அவற்றை மெருகின்மேல் எழுதி, குறைந்த சூட்டிற் சுடுவர். பொன்னை ஈற்றிலே இட்டு, இன்னுங் குறைந்த சூட்டிற் பதிப்பர். அது மேற்பரப்பில் மெல்லிய படலமாகவே நிற்கும்.

ஆகவே, தேய்ந்தமையால் அது போலியாகிவிடாது. நாம் துலக்கிய முறையே பிழை. பித்தளைக்கு உகந்த சாம்பலும் புளியும் தும்பும் இதற்கு ஆகா. இளஞ்சூட்டு நீரிற் கழுவி, மென்மையான பருத்தித் துணியால் ஒற்றியெடுத்தல் போதும். போன பொன்னை வீட்டிலே மீட்க இயலாது, எஞ்சியதையேனும் காப்போமாக.