ஊர்க் கழகங்களும் உதைபந்தாட்ட லீக்கும்

மன்னாரிலிருந்து மதவாச்சி நோக்கிச் செல்லும் பெருவழியில், பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் புகுந்தபின் அடையும் ஊர்களுள் உயிலங்குளமும் ஒன்று. கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயல்நாடு அது. தீவிலுள்ள பேசாலை, தலைமன்னார், பள்ளிமுனை முதலிய ஊர்களோ கடலை நம்பியவை. ஏரால் வாழ்வோருக்கும் வலையால் வாழ்வோருக்கும் தொழிலில் ஒற்றுமை குறைவு. ஆயினும், வெயில் தாழ்ந்தபின் இரு திறத்து இளைஞரும் நாடிச் செல்லும் இடம் ஒன்றே; அஃது உதைபந்தாட்டத் திடல்.

இவ்வாட்டக்காரருள் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெற்று ஆடுவோர் அல்லர். பகலில் உழுபவரும், இரவில் கடலுக்குச் செல்பவரும், பாடசாலையில் கற்பிப்பவரும், கடையில் நிற்பவரும் ஓய்வு நேரத்தில் ஆடுகின்றனர். அத்தகையோரை ஆண்டுதோறும் ஒழுங்காகத் திடலுக்கு வரச் செய்யும் ஏற்பாடே லீக் ஆகும்.

ஊர்த் திருவிழாவையொட்டியோ, ஒருவர் நினைவாகவோ நடைபெறும் வெற்றிக்கிண்ணச் சுற்றுப்போட்டி வேறு, லீக் வேறு. எட்டுக் கழகங்கள் விலகல் முறையில் மோதினால் ஏழு ஆட்டங்களில் வெற்றியாளர் தெரிந்துவிடுவர். ஆனால் முதல் நாளிலேயே நான்கு கழகங்கள் வீடு திரும்பிவிடும். அவை மாதக்கணக்கிற் பயின்றதெல்லாம் தொண்ணூறு நிமிடத்தோடு முடிந்துவிடுகிறது. லீக் முறையிலோ ஒவ்வொரு கழகமும் மற்றெல்லாக் கழகங்களையும் எதிர்த்து ஆடும். அதே எட்டுக் கழகங்களுக்கு இருபத்தெட்டு ஆட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஏழு ஆட்டங்கள் கிடைக்கும். இன்று தோற்றவர் அடுத்த ஞாயிறும் ஆடுவர். லீக்கின் சிறப்பு முழுவதும் இதிலேயே அடங்கும்.

இம்முறை பிறந்த வரலாறும் இதனையே உணர்த்துகிறது. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் துணி வணிகராயிருந்த வில்லியம் மக்கிரகர் என்பவர், அஸ்தன் வில்லா கழகத்தின் நிர்வாகிகளுள் ஒருவர். கிண்ணப் போட்டியிலிருந்து விலகிய கழகங்களுக்கு ஆட்டம் இன்மையையும், நட்புறவு ஆட்டங்கள் இறுதி நேரத்திற் கைவிடப்படுவதையும் கண்டு அவர் மனம் வருந்தினார். நாளும் எதிரணியும் முன்கூட்டியே குறிக்கப்படல் வேண்டும் என்று 1888ஆம் ஆண்டு மார்ச்சில் பிற கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு செப்டெம்பரிற் பன்னிரண்டு கழகங்களோடு உலகின் முதல் உதைபந்தாட்ட லீக் தொடங்கிற்று.

எனவே, லீக்கை நடத்துவோரின் முதற்கடமை ஆட்ட அட்டவணை வகுத்தல். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கழகங்களின் பெயர்களை எதிரெதிராக இரு வரிசையில் எழுதி, ஒரு பெயரை மட்டும் அசையாது நிறுத்தி, மற்றவற்றை வாரந்தோறும் ஓரிடம் நகர்த்தினால் எவரும் எவரையும் இருமுறை சந்திக்காத அட்டவணை அமைந்துவிடும். கழகங்களின் தொகை ஒற்றைப்படையாயின், வெறுமையான இடத்திற்கு எதிரே வரும் கழகத்திற்கு அவ்வாரம் ஓய்வு.

கணக்கு எளிது, காலந்தான் அரிது. ஒரே திடலில் ஞாயிறுதோறும் இரண்டு ஆட்டங்கள் வைப்பினும், இருபத்தெட்டு ஆட்டங்களுக்குப் பதினான்கு ஞாயிறுகள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழையால் திடல் சேறாகும். வயலூர்களில் காலபோக வேலையும் நெருக்கும். மாசி, பங்குனியில் அறுவடை. ஆகஸ்ட் 15இல் மடுத் திருவிழா. சோளகக் காற்று வீசும் மாதங்களில் உயர்த்தி அடித்த பந்து அடித்தவர் கருதிய இடத்திற் சென்று விழுவதில்லை. வயற்காரரையும் கடற்காரரையும் அருகழைத்துக் கேளாமல் எழுதப்பட்ட அட்டவணை தாளில் மட்டுமே நிற்கும்.

இரண்டாவது கடமை வீரர் பதிவு. பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு கழகமும் தன் வீரர்களின் பெயரையும் அடையாளச் சான்றையும் லீக் செயலாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஒருவர் ஒரு பருவத்தில் ஒரு கழகத்திற்கே உரியவர். இப்பதிவேடு செம்மையாக இராவிடின், முக்கியமான ஆட்டத்தன்று அயலூரிலிருந்து கெட்டிக்காரர் ஒருவர் வந்து இறங்குவார்; பின்னர் எழும் பூசல் திடலோடு நில்லாது ஊர்ப்பகையாய் வளரும். ஆட்சேபம் உடையோர் குறித்த காலத்துள் எழுத்தில் முறையிடலாம் என்று யாப்பில் விதி செய்வது இதற்காகவே. கையால் தீர்க்க எண்ணிய வழக்கைத் தாளால் தீர்க்கச் செய்வதும் லீக்கின் பணியாகும்.

மூன்றாவது, மத்தியஸ்தர். ஆட்ட விதிகள் பதினேழனுள் ஐந்தாவது அவருக்குரியது. கோல் ஆயிற்றா இல்லையா என்பதுட்பட, ஆட்டத்தின் நிகழ்வுகள்பற்றி அவர் செய்யும் முடிவே இறுதியானது. மோதும் ஊர்கள் இரண்டையும் சாராத ஒருவரை அமர்த்துவதும், அவருக்குரிய கொடுப்பனவைத் தவறாது கொடுப்பதும், அவர்மீது கை வைத்தவர் எத்துணைச் சிறந்த வீரராயினும் தண்டிப்பதும் நிர்வாக சபையின் கடன். மத்தியஸ்தர் அஞ்சும் திடலில் ஆட்டம் இராது.

கழகத்தின் பங்கும் சிறிதன்று. ஓர் அணியில் எழுவருக்குக் குறைவானோர் நின்றால் ஆட்டம் தொடங்கலாகாது என்பது விதி. கடைசி இடத்திலுள்ள கழகம் இனி வெல்லும் வாய்ப்பில்லையென வாராது நின்றுவிடின், எதிரணிக்கு ஆடாமலே புள்ளி கிடைக்கும். முன்னர் அதனோடு ஆடித் தோற்ற கழகத்திற்கு அஃது அநீதியாகும். தோல்வி உறுதியென்று அறிந்தும் குறித்த நேரத்தில் பதினொருவராய் வந்து நிற்கும் கழகமே லீக்கைத் தாங்குகின்றது.

மன்னாரில் இவ்வொழுங்கு எளிதில் வாய்த்ததன்று. 1990இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் போரில் தகர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாயின. போர்நிறுத்தக் காலத்தில், இருதரப்புப் பகுதிகளுக்கும் இடையே மக்கள் சோதனைக்குட்பட்டுக் கடந்து சென்ற வாயில்களுள் ஒன்று உயிலங்குளத்திலேயே இருந்தது. பக்கத்தூருக்கு ஆடச் செல்வதற்கே அனுமதி வேண்டிய நிலையில் அட்டவணை எங்ஙனம் நிற்கும்? போர் 2009இல் முடிந்தது. 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. தீவின் கழகமும் வயலூரின் கழகமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தடையின்றிச் சந்திக்கக் கூடுவதன் அருமை, அவ்வாண்டுகளை நினைவிற் கொண்டோருக்கே நன்கு விளங்கும்.

ஊர்க் கழகங்கள் சேர்ந்தது மன்னார் உதைபந்தாட்ட லீக். இத்தகைய லீக்குகள் சேர்ந்தது தேசியச் சம்மேளனம். சம்மேளனம் 1952 முதல் பீபாவின் உறுப்பாகும். மேலே ஒழுங்கு குலைந்தால் அதன் பழி அடிவரை எட்டும். வெளியார் தலையீடு காரணமாக 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டிலேயே தடை நீங்கிற்று. அத்தடை நீடித்த மாதங்களில் இலங்கை அணிகள் சர்வதேச ஆட்டங்களில் இறங்க இயலவில்லை. அடியிலுள்ள ஒழுங்கு நிலைத்தால் அதன் பயன் மேலும் எட்டும். மறைந்த டக்சன் பியூஸ்லஸ் மன்னார் மண்ணிலிருந்து சென்று தேசிய அணியில் ஆடியவர்.

எனினும், ஊர்க் கழகத்தில் ஆடுவோருள் தேசிய அணியை எட்டுபவர் நூற்றில் ஒருவர்கூட இரார். லீக் பெரிதும் எஞ்சியோருக்காகவே உள்ளது. வாரமெல்லாம் உழைத்தவர் ஞாயிறு மாலையில் அயலூரானை எதிர்த்து ஓடி, வியர்த்து, வென்றோ தோற்றோ கைகுலுக்கித் திரும்புதல் வேண்டும். அதற்கு ஒரு பதிவேடு, ஓர் அட்டவணை, அஞ்சாத ஒரு மத்தியஸ்தர், சொன்ன நேரத்தில் வரும் இரு கழகங்கள் ஆகியவை போதும். இவற்றைக் காப்பாற்ற ஊருக்கு இரண்டொருவர் முன்வரின், திடலில் புல் முளைத்து மூடாது.