ஒரு செடி மட்டும் வாடுதா?

காவேரிப்பட்டினம் பக்கம் தக்காளி போட்டவங்க பார்த்திருப்பீங்க. சுற்றிலும் செடிகள் பச்சைப்பசேல்னு நிக்கும். நடுவுல ஒண்ணு மட்டும் தலை தொங்கிக் கிடக்கும். உடனே வயல் முழுக்க மருந்தடிக்கக் கிளம்பாதீங்க. இலையைப் பார்த்தே நோய் சொல்கிற மருந்துக்கடைக்காரரை நான் நம்புறதில்லை.

வேரோடு பிடுங்கிப் பாருங்க. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அடுத்து துலுக்கச் சாமந்தி போடலாம். முடிச்சு இல்லையா? அடித்தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை மட்டும் படும்படி பிடிங்க. சில நிமிடத்தில் பால் போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பாசனத் தண்ணீரோடு பக்கத்துச் செடிக்கும் போய்விடும். எந்த மருந்தும் அந்தச் செடியை மீட்காது. வேர்மண்ணோடு அள்ளி வயலுக்கு வெளியே அப்புறப்படுத்துங்க, எருக்குழியில் போட்டுடாதீங்க. அடுத்த போகம் அங்கே கத்திரி, மிளகாய் வேண்டாம், கேழ்வரகு விதைங்க.