முதலில் முடித்துவிடும் குழந்தைக்கு என்ன தருகிறோம்?

கணக்குப் பாடவேளை. கரும்பலகையில் பத்துக் கணக்குகள். மற்றவர்கள் மூன்றாவது கணக்கில் இருக்கும்போதே ஒரு மாணவி ஏட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். அத்தனையும் சரி. "நல்லது, போய் அமைதியா உட்காரு" என்கிறோம். அல்லது மற்றவர்களின் ஏடுகளை வாங்கி அடுக்கச் சொல்கிறோம். நாள்தோறும் இப்படியே நடந்தால், அவள் வகுப்பறையில் கற்றுக்கொள்வது காத்திருப்பதை மட்டும்தான்.

மெல்லக் கற்போருக்கு உதவுவது எப்படி என்று நமக்குப் பயிற்சிகள் உண்டு, கட்டகங்களும் உண்டு. எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என நிலையறிந்து கற்பிக்கிறோம். மலர் நிலையையும் தாண்டி நிற்கும் குழந்தையைப் பற்றி நாம் பேசுவது குறைவு. "அவன் எப்படியும் படித்துக்கொள்வான்" என்பதே நம் எண்ணம். அந்த எண்ணம் சரியா?

மதிப்பெண் மட்டும் அடையாளமா?

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி 1978இல் மீத்திறனை மூன்று வளையங்களாக விளக்கினார். சராசரியைவிடக் கூடுதலான திறன், படைப்பாற்றல், எடுத்த செயலில் விடாப்பிடியான ஈடுபாடு. இம்மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்றார். 1988இல் ஜார்ஜ் பெட்ஸ், மொரீன் நைஹார்ட் ஆகியோர் இத்தகைய குழந்தைகளை ஆறு வகையாகப் பிரித்தனர். நன்றாகப் படித்து நல்ல பெயர் எடுப்பவர் அவற்றுள் ஒரு வகையினரே. கேள்வி மேல் கேள்வி கேட்டு ஆசிரியரைச் சோதிப்பவர், தோழிகளிடமிருந்து தனித்துத் தெரியக்கூடாது என்று திறனை மறைத்துக்கொள்பவர், வெறுத்துப்போய்ப் பள்ளியை விட்டு விலகுபவர், கற்றல் குறைபாடும் மீத்திறனும் ஒருங்கே உடையவர் ஆகியோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

கும்பகோணத்தில் படித்த இராமானுஜனை நினைத்துப் பாருங்கள். கணக்கில் மூழ்கிக் கிடந்தவர் மற்ற பாடங்களில் தேறாததால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். எல்லாப் பாடத்திலும் முதலிடம் பெறுபவரை மட்டும் தேடினால் இப்படிப்பட்டவர்கள் நம் கண்ணில் படமாட்டார்கள்.

இணையவழிப் பயிற்சி எதற்கு?

ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இத்தகைய குழந்தை ஒருவரோ இருவரோதான் இருப்பர். பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் இதில் பட்டறிவு இல்லாமல் போகலாம். தொலைவில் இருக்கும் வல்லுநரையும் இதே சிக்கலைச் சந்தித்த பிற ஆசிரியரையும் நம் கைபேசிக்கே கொண்டுவர இணையத்தால் முடியும். 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளமும், 2020 முதல் இணையவழியில் நடந்த நிஷ்தா பயிற்சிகளும் இப்படிக் கற்பதை நமக்குப் பழக்கப்படுத்திவிட்டன.

ஆனால், காணொலியை ஓடவிட்டு, வினாக்களுக்கு விடையளித்து, சான்றிதழைப் பதிவிறக்கம் செய்வதோடு நின்றுவிட்டால் வகுப்பறையில் எதுவும் மாறாது. ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: மதிப்பெண்ணுக்கு அப்பால் அடையாளம் காணும் வழியைச் சொல்கிறதா? நாற்பது பேர் இருக்கும் வகுப்பிலும் செய்யக்கூடியதைக் காட்டுகிறதா? செய்து பார்த்ததைப் பகிர்ந்து திருத்திக்கொள்ள இடம் தருகிறதா? பயிற்சியைத் தொடங்கும்போதே உங்கள் வகுப்பில் ஒரு குழந்தையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அலகு முடிந்ததும் ஒரே ஒரு மாற்றத்தை இரண்டு வாரம் செய்து பாருங்கள். நடந்ததைக் குறுவள மையக் கூட்டத்தில் பகிருங்கள்.

நாளையே தொடங்கக்கூடியவை

முதலாவது, கடினமானதை முதலில் தருதல். பயிற்சியில் பதினைந்து கணக்குகள் இருந்தால், மிகக் கடினமான ஐந்தை முதலில் செய்ய விரும்புவோர் செய்யலாம் என்று அறிவியுங்கள். நான்கு சரியாக இருந்தால் மற்றவை தேவையில்லை. யாரையும் பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டியதில்லை. எதிர்பாராத மாணவரும் முன்வருவார்.

இரண்டாவது, பாடத்தைச் சுருக்குதல். பாடத்துக்கு முன்பே சிறு தேர்வு வைத்து, குழந்தைக்குத் தெரிந்த பகுதியை விட்டுவிடலாம். மிஞ்சும் நேரத்தில் அதே பாடத்தில் ஆழமான வேலை தர வேண்டும். பின்னக் கூட்டல் தெரிந்தவருக்கு மேலும் இருபது பின்னக் கூட்டல்கள் தருவது தண்டனை. "விடை ஒன்று வரும்படி எத்தனை வழிகளில் பின்னங்களைக் கூட்டலாம்? அதில் ஏதேனும் ஒழுங்கு தெரிகிறதா?" என்று கேட்பதுதான் வளர்ச்சி.

பெற்றோரும் கற்க வேண்டும்

இக்குழந்தைகளின் ஓயாத கேள்விகளை "வாயாடித்தனம்" என்று அடக்கும் வீடுகள் உண்டு. பெருமையில் பாரத்தை ஏற்றிவிடும் வீடுகளும் உண்டு. அமெரிக்காவில் 1981இல் தொடங்கப்பட்ட செங் என்னும் அமைப்பு, வழிகாட்டி ஒருவருடன் பெற்றோர் சிறு குழுவாகக் கூடிப் பேசும் முறையை இணையவழியிலும் நடத்துகிறது. இதற்கு நமக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடக் காணொலியைத் திரையிட்டுப் பேசினாலே போதும். கைபேசி இல்லாத பெற்றோரும் அப்போது கலந்துகொள்ள முடியும்.

அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது பாராட்டைப் பற்றி. "நீ கெட்டிக்காரி" என்று அறிவைப் புகழ்ந்தால், தோற்றுவிடுவோமோ என்று குழந்தைகள் கடினமானதைத் தவிர்க்கிறார்கள். முயற்சியைப் பாராட்டினால் கடினமானதைத் தாங்களே தேடுகிறார்கள். 1998இல் முல்லர், டுவெக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது இது.

நாளை அந்த மாணவி மீண்டும் ஏட்டை நீட்டுவாள். அப்போது அவள் சற்றுத் தடுமாறி யோசிக்கும்படியான ஒரு கேள்வி நம்மிடம் இருக்கட்டும். நாம் பெறும் பயிற்சியின் பயன் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.