வம்பும் விவாதமும்

ஊர் வம்பு நமக்குப் புதிதன்று. முன்பு திண்ணையிலும் கிணற்றடியிலும் குடியிருந்தது. இன்று டெலிவிஷனில் ஏறி நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. எந்த நட்சத்திரத்துக்கு விவாகரத்து என்பதோடு நின்றிருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்க மாட்டோம். ஆனால் சில சமயம் வம்பானது ‘பொது விவாதம்’ என்ற கதர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறதே, அதுதான் ஆபத்து!

ஓர் உதாரணம் கூறுவோம். 2011 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் டிவி9 என்ற தெலுங்கு நிலையம், ஆண்களை நேசிக்கும் ஆண்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அவர்கள் நட்சத்திரங்கள் அல்லர், சாமானிய மனிதர்கள். அவர்களிடம் தந்திரமாகத் தொலைபேசியில் பேசி, அந்தப் பேச்சை ஊரறிய வெளியிட்டார்கள். வயது வந்தோர் மனமொத்து அந்தரங்கமாகக் கொள்ளும் உறவு குற்றமாகாதென்று டில்லி ஹைக்கோர்ட்டு 2009-லேயே தீர்ப்பளித்திருந்தது. கோர்ட்டு விதிக்காத தண்டனையை டெலிவிஷன் விதித்தது! செய்தி நிலையங்களின் ஒழுங்குமுறைச் சபை அந்நிலையத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, மன்னிப்பும் கேட்கச் செய்தது. மானம் போனவனுக்கு அந்த மன்னிப்பால் என்ன பயன்?

“அப்படியானால் இவ்விஷயங்களைப் பேசவே கூடாதா?” என்று வாசகர்கள் கேட்கலாம். பேசத்தான் வேண்டும். 2008-இல் விஜய் டிவியில் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியை நடத்தியவர் ரோஸ் வெங்கடேசன் என்னும் திருநங்கை. ஒளிந்திருந்து யாரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. தாமாகவே முன்வந்து, கேள்வி கேட்கும் ஆசனத்தில் அமர்ந்தார். திருநங்கையரைக் கேலிப் பாத்திரமாகவே சினிமாவில் கண்டு பழகிய குடும்பங்கள், அவர் பேச்சைச் செவிமடுத்துக் கேட்டன.

இரண்டுக்கும் உள்ள பேதம் சம்மதம் ஒன்றே. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு மூன்றாம் பாலினத்தாரின் உரிமையை ஒப்புக்கொண்டது. 2017-இல் 9 நீதிபதிகள் ஏகமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று தீர்ப்புக் கூறினர். 2018-இல் வயது வந்தோரின் ஒருபால் உறவு குற்றமல்லவென்று தீர்ந்தது. தன் வீட்டுக் கதவைத் திறப்பதும் சாத்துவதும் அவரவர் இஷ்டம் என்பதும் சுதந்திரத்தின் ஒரு பகுதியே அல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறர் அந்தரங்கம் சந்திக்கு வரும்போது நாம் கூடத்தில் உட்கார்ந்து சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பை நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவர் மனத்திலேயே அப்படியொரு இரகசியம் இருக்கக்கூடும். அதை நம்மிடம் சொல்லலாமா, கூடாதா என்பதை நம் சிரிப்பைக் கேட்டே அப்பிள்ளை முடிவு செய்யும்.