ஆய்வாளருக்கு நூலகர் எப்போது தேவை?

‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கீடு. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்கள் படிக்கலாம். சரி, இத்தனை இதழ்களுக்குள் தன் கேள்விக்கு வேண்டியதை ஓர் ஆய்வு மாணவர் எப்படிக் கண்டெடுப்பார்? இங்கேதான் துறை அறிந்த நூலகர் தேவைப்படுகிறார்.

நூலகர் அந்தத் துறையில் பேராசிரியருக்கு இணையாக இருக்க வேண்டியதில்லை. அத்துறையினர் எங்கே எழுதுகிறார்கள், எப்படித் தேடுகிறார்கள், எதை நம்புகிறார்கள் என்று தெரிந்தால் போதும். வேதியியலாளர் ஒரு சேர்மத்தைப் பெயரால் மட்டுமல்ல, அதன் அமைப்பை வரைந்தும் தேடுவார். இயற்பியல், கணிதக் கட்டுரைகள் பல, இதழில் அச்சாகும் முன்பே ஆர்க்கைவ் தளத்தில் வந்துவிடும்.

மருத்துவத்தில் இந்தத் தேடல் உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு சிகிச்சை பற்றி வந்த எல்லா ஆய்வுகளையும் திரட்டி மதிப்பிடுவதை ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’ என்பார்கள். இதற்காகத் தேடும் தளங்களுள் பப்மெட் ‘மெஷ்’ என்ற சொற்பட்டியலைக் கொண்டு கட்டுரைகளை வகைப்படுத்துகிறது. எம்பேஸ் தளம் ‘எம்ட்ரீ’ என்ற வேறொரு பட்டியலை வைத்திருக்கிறது. ஒன்றுக்கு எழுதிய தேடலை அப்படியே மற்றதில் ஒட்டினால் ஆய்வுகள் விடுபடும். விடுபட்டவை ‘பலனில்லை’ என்று சொன்னவையாக இருந்தால், பயனற்ற மருந்தும் பயனுள்ளதாகத் தோன்றும்.

தேடலுக்காகப் பொருளைப் பிரித்துப் பார்ப்பது புதிதல்ல. கணித ஆசிரியராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, எந்தப் பொருளையும் அதன் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. எந்த நோய், யாருக்கு, என்ன சிகிச்சை, எந்த இடம், எந்தக் காலம் என்று கேள்வியைப் பிரித்துத் தேடலை அமைக்கும் இன்றைய நூலகரும் அதே வழியில்தான் யோசிக்கிறார். பிரிக்கத் தெரிய வேண்டுமானால் அந்தத் துறை கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

அதை எப்படிக் கற்பது? ஷோத்கங்கா தளத்தில் அத்துறையின் ஆய்வேடுகளைத் திறந்து, துணைநூற்பட்டியலை மட்டும் படித்தாலே எந்த இதழ்களும் எந்தப் பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன என்று புலப்படும். துறைக் கருத்தரங்குகளில் போய் உட்காரலாம். எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றும் வழி வேறு: ஆய்வாளர் ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் நல்ல கட்டுரைகள் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்குவது. நாம் அமைத்த தேடலில் அவை அகப்படவில்லை என்றால் தேடலில் ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கும்போது துறையின் சொற்கள் தாமாகவே பழகிவிடும்.

போலி இதழ்களை இனங்காணவும் இந்த அறிவு வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கத்தக்க இதழ்களின் ‘கேர்’ பட்டியலைக் கைவிட்டு, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் அத்துறையில் உண்மையிலேயே ஆய்வு செய்பவர்களா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

இந்தக் கற்றலுக்கு நேரம் தேவை. நூலகரின் நாள் முழுவதையும் கொள்முதல் கோப்புகளும் தணிக்கைப் பதில்களும் விழுங்கினால் அது நடக்காது. துறைகளும் ஒன்று செய்யலாம். ஆய்வேட்டை எழுதி முடித்தபின் கருத்துத்திருட்டுச் சோதனைக்கு மட்டும் நூலகரைத் தேடிப் போகாமல், தலைப்பு முடிவாகும் முன்பே அவரை அழைத்து உட்கார வைக்கலாம்.